ஒரே வீடு, ஒரே கடன், இரண்டு உடம்பு

வாசகி ஒருவரின் கடிதம் (சுருக்கப்பட்டது):

டொக்டர், எனக்கு 38 வயது. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில் இருக்கிறேன், ஆசிரியை. பெரும்போக வேளாண்மை வெள்ளத்தில் போனதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. உழவு மெசினுக்கு லீசிங் கட்ட வேண்டும். காசு கேட்டு வருகிறவர்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலே எனக்குக் கை வேர்க்கும், வயிறு கலங்கும், கக்கூசுக்கு ஓடுவேன். இவர் கல்லு மாதிரி இருந்து பேசி அனுப்பிவிடுவார். "ஒரே வீடு, ஒரே கடன். உண்மையான டென்ஷன் என்றால் எனக்கும் அப்படித்தானே வர வேண்டும்? நீ நடிக்கிறாய்" என்கிறார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், பிழை இல்லை.

கத்தாரில் இருக்கும் தம்பி ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு அனுப்பினான். ஸ்ட்ரெஸ் நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும். மச்சாளின் கல்யாண வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டு, எல்லோரோடும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் 86 என்றது. டிசம்பர் 26 காலை 9.25க்குக் கடற்கரையில் விளக்கேற்றிவிட்டு நின்றேன். 2004 சுனாமியில் என் அம்மாவும் தங்கச்சியும் போனவர்கள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. மணிக்கூடு 24 என்றது, பச்சை நிறத்தில். என் உடம்புக்குக்கூடத் துக்கம் இல்லையா? இவர் சொல்வது சரிதானா?

போன மாதம் படபடப்புத் தாங்காமல் மாமியின் அட்டெனோலோல் குளிசையில் பாதியைப் போட்டேன். சின்ன வயதில் எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. அப்படிப் போடுவது சரியா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. அந்தக் குளிசை மாமியின் வயதையும் மாமியின் மற்ற வருத்தங்களையும் பார்த்து மாமிக்கு எழுதியது. அது இதயத் துடிப்பைக் குறைக்கும். கூடவே தொய்வுக்காரரின் மூச்சுக் குழாயை இறுக்கியும் விடும். பாதிதானே என்று நினைக்க வேண்டாம். படபடப்புக்கு மருந்து தேவை என்றால் உங்களைப் பார்த்து ஒருவர் எழுதித் தரட்டும்.

சரி, நடிப்புக்கு வருவோம்.

உங்கள் கணவர் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். 1936இல் மொன்றியலில் ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளைக் குளிரில் விட்டார், களைக்கக் களைக்க ஓடவிட்டார், காயப்படுத்தினார், மருந்து ஏற்றினார். எதைச் செய்தாலும் உள்ளே ஒரே மாதிரி மாற்றம்தான்: அட்ரினல் சுரப்பி பருத்தது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. நெருக்கடி எதுவானாலும் உடம்பின் பதில் ஒன்றே என்று அவர் முடிவெடுத்தார். நமது பாடப் புத்தகங்களில் உளநெருக்கீடு (ஸ்ட்ரெஸ்) என்று வருகிற சங்கதி அவரோடுதான் உலகம் முழுக்கப் பரவியது.

பிறகு அமெரிக்காவில் ஜோன் மேசன் என்பவர் குரங்குகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். பக்கத்துக் கூட்டில் மற்றவை சாப்பிட, இவை பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்தபோது நெருக்கீட்டு ஹோர்மோன் ஏறியது. தனியாக வைத்து, சத்து ஒன்றும் இல்லாத, ஆனால் சாப்பாடு மாதிரியே கடித்து விழுங்கக்கூடிய உருண்டைகளைக் கொடுத்தபோது ஏறவில்லை. இரண்டு தடவையும் பட்டினிதான். அந்தப் பட்டினி குரங்குக்கு என்னவாகப் பட்டது என்பதுதான் மாறியது.

உங்கள் வீட்டுக் கடனும் அந்த மாதிரிதான். அவருக்கு அது ஒரு போகம் பிழைத்த கணக்கு, அடுத்த போகத்தில் பிடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயல், நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை. தொகை ஒன்றாக இருப்பதால் பாரமும் ஒன்றாக இருக்கும் என்று கடன் கொடுத்தவன்தான் நினைக்கலாம்.

சரி, பாரமும் ஒன்று என்றே வைப்போம். அப்போதும் இரண்டு உடம்பு ஒரே மாதிரி நடக்காது. 1950களில் ஜோன் லேசி என்ற ஆய்வாளர் பலருக்கு ஒரே சோதனைகளை வைத்துத் துடிப்பு, வேர்வை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்தார். ஒருவருக்கு இதயம் முந்திக்கொண்டது, இன்னொருவருக்கு உள்ளங்கை வேர்வை. சோதனையை மாற்றினாலும் பலருக்கு அதே உறுப்பே திரும்பவும் முந்தியது. என் கிளினிக்கில் இதைக் கருவி இல்லாமலே காணலாம். ஒரே விபத்தில் தப்பிய குடும்பம் வந்து வாங்கில் இருக்கும். தாய்க்குத் தலைச்சுற்று, மகனுக்கு ஓங்காளம், தகப்பனுக்கு நாரி உளைவு. உங்களுக்கு முந்துவது வயிறு. ஓ.எல். பரீட்சை எழுதிய காலையிலும் வயிறுதான் கலங்கியிருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

இனி, மனமும் உடம்பும் ஒரே நேரத்தில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

உடம்புக்குள் ஒரு வேக வழி உண்டு, ஒரு மெதுவான வழி உண்டு. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நரம்பு வழியாகச் செய்தி போய், சில செக்கனில் அட்ரினலின் வந்துவிடும். கை வேர்ப்பதும் நெஞ்சு அடிப்பதும் இந்த வேக வழியால். மற்றது மூளையில் தொடங்கி, இரத்தத்தோடு போய், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி கோர்ட்டிசோல் என்ற நெருக்கீட்டு ஹோர்மோனை வெளியே எடுப்பது. அது உச்சிக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும், இறங்க ஒரு மணித்தியாலமும் அதற்கு மேலும் போகலாம். அதாவது வந்தவர்கள் போய், கேற்றைச் சாத்தி, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு "அப்பாடா" என்று நீங்கள் இருக்கும் நேரத்தில்தான் உடம்பு அதன் உச்சத்தில் இருக்கும்.

கல்முனைக்கு மேற்கே உள்ள கிட்டங்கி வீதியால் போய்வந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேற்கே மழை கொட்டும்போது அங்கே வீதி காய்ந்து கிடக்கும். மழை விட்டு, கல்முனையில் வெயில் எறிக்கிற நாளில் தண்ணீர் வந்து வீதிக்கு மேலால் பாயும். வெயிலைப் பார்த்துவிட்டு வெள்ளம் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

1993இல் ஜேர்மனியின் ட்ரியர் நகரத்தில் ஒரு சோதனை முறையைக் கண்டுபிடித்தார்கள். முகத்தில் ஒரு அசைவும் காட்டாத சிலருக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து 13 13ஆகக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும், பிழைத்தால் முதலில் இருந்து. (வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்து பின்வாங்கில் இருக்கிற அதிகாரிகள் உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) உலகம் முழுக்க இந்த முறையில் நிறையப் பேரைச் சோதித்திருக்கிறார்கள். 'எவ்வளவு பதற்றமாக இருக்கிறது' என்று கேட்டுக் குறிப்பார்கள், எச்சிலில் கோர்ட்டிசோலையும் அளப்பார்கள். 2012இல் அந்த ஆய்வுகளை ஒன்றாக எடுத்து இரண்டு பேர் பார்த்தார்கள். ஆட்கள் சொன்ன பதற்றமும் கோர்ட்டிசோலும் தெளிவாகச் சேர்ந்து போனது சுமார் கால்வாசி ஆய்வுகளில் மட்டுமே. மற்றவற்றில் வாய் ஒன்று சொன்னது, எச்சில் இன்னொன்று சொன்னது. அவ்வளவு பேரும் நடித்தவர்களா?

பழக்கம் என்ற ஒன்றும் உண்டு. 1995இல் 20 ஆண்களை இதே சோதனைக்கு ஐந்து நாள் தொடர்ந்து கூப்பிட்டார்கள். 13 பேருக்கு இரண்டாம் நாளிலேயே கோர்ட்டிசோல் நன்றாகக் குறைந்துவிட்டது. மற்ற 7 பேருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வந்ததுபோல ஏறிக்கொண்டே இருந்தது. தங்களைப் பற்றித் தாங்களே குறைவாக நினைக்கிறவர்கள் அந்த ஏழு பேரில்தான் அதிகம். மாதா மாதம் வரும் லீசிங்காரரிடம் உங்கள் உடம்பு பழகிக்கொள்ளவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "நீ நடிக்கிறாய்" என்று வீட்டில் கேட்டுக்கேட்டு, உங்களைப் பற்றி நீங்களே என்ன நினைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதைத்தான் யோசிக்கிறேன்.

மணிக்கூட்டுக்கு வருகிறேன். அதன் அடியில் பச்சை வெளிச்சம் ஒன்று மினுங்கும், பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கீழே இரத்தம் வந்து போவதை அந்த வெளிச்சத்தால் பார்த்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எண்ணுகிறது. அமைதியாக இருக்கும்போது அந்த இடைவெளி மூச்சோடு சேர்ந்து கொஞ்சம் கூடிக் குறையும். உடம்பு முறுக்கேறினால் துடிப்பு வேகமாகி, இடைவெளி ஒரே சீராகிவிடும். அந்தச் சீரைப் பார்த்துத்தான் அது 86 என்கிறது. அடுப்புச் சூடு, புகை, எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம், தண்ணீர் குடிக்க மறந்தது, மூன்று தேத்தண்ணி, வயிறு நோகச் சிரித்த சிரிப்பு. இவை எல்லாவற்றுக்கும் உடம்பு முறுக்கேறும். சந்தோசத்துக்கும் பயத்துக்கும் இதயம் ஓடுவது ஒரே ஓட்டம், மணிக்கூட்டுக்குப் பலகாரமும் தெரியாது கல்யாணமும் தெரியாது. கையை ஆட்டி மாப் பிசைந்தால் அந்த வெளிச்சம் பார்க்கிறதே பிழைக்கும், அது வேறு.

9.25க்கு வந்த 24ஐப் பற்றி.

இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் எடுத்தது அம்பாறை மாவட்டத்தில். அதனால் அந்த இரண்டு நிமிட மௌனத்தில் நிற்கும் பலரை எனக்குத் தெரியும். அவர்களைக் கவனித்துப் பாருங்கள். அசைய மாட்டார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள் அல்லது அலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூச்சு ஆழமாகப் போய் நீண்ட பெருமூச்சாக வரும். அசையாமல் நிற்பதும் நீளமாக மூச்சை விடுவதும் துடிப்பை இறக்குகிற காரியங்கள். பயம் என்றால் உடம்பு ஓடுவதற்கோ சண்டைக்கோ ஆயத்தமாகும். துக்கத்தில் ஓட இடமில்லை, அடிக்க ஆளும் இல்லை. கை கால் சோர்ந்து, உடம்பு தன்னைத்தானே இறக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சோர்வைத்தான் உங்கள் மணிக்கூடு 'அமைதி' என்று வாசித்து பச்சை நிறம் காட்டியது. அதை வடிவமைத்தவர்கள் டிசம்பர் 26ஐ நினைத்துச் செய்யவில்லை. அந்த 24க்காக நீங்கள் அம்மாவிடமும் தங்கச்சியிடமும் மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருந்த வரியைக் கடிதத்தைச் சுருக்கும்போது எடுத்துவிட்டேன். இங்கே அதைச் சொல்வது, இந்த வருடம் அந்த நேரத்தில் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்காக.

ஆனால் அந்தப் படபடப்பு முழுவதையும் மனத்தின் கணக்கில் எழுதிவிடவும் நான் தயாரில்லை. ஈ.சி.ஜி. அந்தச் சில செக்கன்களைத்தான் காட்டும். தைரொயிட் கூடியிருந்தால் கை நடுங்கும், வேர்க்கும், வயிறு அடிக்கடி போகும், நெஞ்சு அடிக்கும். மாதவிடாய் கூடுதலாகப் போய் இரத்தம் குறைந்திருந்தாலும் நெஞ்சு அடிக்கும். இரண்டையும் ஒரு இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், கல்முனையிலேயே. தொய்வுக்குப் பம்ப் எடுத்தால் அதுவும் துடிப்பைக் கூட்டும், டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிற நோவு வந்தால், நோவு கைக்கோ தாடைக்கோ ஏறினால், மயங்கி விழுந்தால், அன்று மணிக்கூட்டையும் என் பதிலையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்தக் கல்லு மாதிரி மனிதர்.

உண்மையைச் சொன்னால், கடிதத்தை வாசித்தபோது எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் யோசனை வந்தது. 1979இல் அமெரிக்காவில் சில உளவியலாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். 'எனக்குப் பதற்றமே வராது' என்று சொன்ன எல்லோரும் ஒரே வகை இல்லை என்று அதில் தெரிந்தது. சிலர் மெய்யாகவே அமைதியானவர்கள். வேறு சிலர் அமைதி என்று சொல்லும்போதே துடிப்பும் வேர்வையும் நெற்றித் தசையின் இறுக்கமும் அந்த அமைதியானவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குள் ஓடுவது அவர்களுக்கே போய்ச் சேரவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது நன்றாகவே பழக்கம். "எனக்கு ஒன்றுமில்லை டொக்டர், மனிசிதான் இழுத்துக்கொண்டு வந்தவ" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டியவர்களுக்கு 180க்கு 110 என்று பிரஷர் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

லீசிங்காரர் வந்துபோன இரவில் அவர் சாப்பிடுகிறாரா? எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறார்? சிகரெட் கூடுகிறதா, வட்டைக்குப் போனவர் வாடியிலேயே தங்கிவிடுகிறாரா? நாரி உளைவு, தலையிடி என்று எண்ணெய் பூசச் சொல்கிறாரா? நீங்கள் எழுதாததால் கேட்கிறேன். "நீங்களும் நடிக்கிறீர்கள்" என்று திருப்பிச் சொல்லும் ஆசை வரும், சொல்ல வேண்டாம். 'டொக்டர் இரண்டு பேரையும் பிரஷர் பார்க்கச் சொன்னார்' என்று என் தலையில் பழியைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் பேச்சில் எப்போதாவது அவர் வாயிலிருந்து "நான் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், அதைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். அன்றே 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. அல்லது கிட்டிய ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், ஆசிரியைக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். இரண்டு கிழமைக்கு, படுக்கப் போகும் முன், அன்று நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, உடம்பில் எது முதலில் முந்தியது, எத்தனை மணிக்கு அடங்கியது, அந்த நேரம் மனத்தில் என்ன ஓடியது. மணிக்கூட்டு இலக்கத்தை எழுத வேண்டும் என்றால் கடைசியில் எழுதுங்கள், அதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கணக்கில் நூற்றுக்கு எவ்வளவு என்று நீங்களே ஒரு இலக்கம் போட்டபிறகு. 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பார்த்த ஆய்வு ஒன்றில், துடிப்பின் ஏற்ற இறக்கமும் தாங்கள் சொன்ன பதற்றத்தின் ஏற்ற இறக்கமும் ஓரளவு சேர்ந்து போனவர்களுக்கு மனச்சோர்வும் பதகளிப்பும் குறைவாக இருந்தன, இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் குறைவு. எது எதனால் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. என்றாலும் தன் உடம்பு போகும் வழியைத் தெரிந்து வைத்திருப்பதால் கெட்டுப்போகிறது ஒன்றுமில்லை.

வயிறு கலங்கத் தொடங்கும்போது செய்ய ஒன்று: ஐந்து எண்ணி மூச்சை உள்ளே எடுத்து, ஆறேழு எண்ணி மெதுவாக விடுவது, ஐந்து நிமிடம். கடன் குறையாது. இதயம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது தொடங்கினால் பிந்திவிடும், கட்டணம் கட்டுகிற திகதி உங்களுக்கு முதலே தெரியும்தானே. அவர்கள் போனபிறகும் அரை மணித்தியாலத்துக்குப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைத் திருத்த உட்காராதீர்கள், அந்த நேரம் கிட்டங்கியில் தண்ணீர் பாய்கிற நேரம்.

இரண்டு கிழமையால் கொப்பியோடு எழுதுங்கள், பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து. அப்புறம், மாமியின் குளிசையில் மிச்சப் பாதி உங்களிடம் இருந்தால் அதை மாமியின் பையில் திருப்பி வைக்க வேண்டாம். விசயத்தைச் சொல்லிவிடுங்கள். மாமிக்கு மாதக் கணக்கில் எண்ணித்தான் கொடுத்திருப்பார்கள், அடுத்த கிளினிக்குக்கு முதல் ஒரு நாள் அவருக்குக் குளிசை இல்லாமல் போகும்.